ஹைப்ரிட் கார் வாங்கலாமா என்று பூக் கேட்டது

ஹைப்ரிட் கார் வாங்குவது லாபமா நஷ்டமா என்று யாராவது என் எதிரில் பேசினால் எனக்குப் பொல்லாத கோபம் வருகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அதைத்தான் பேசினார். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், கூடப் போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அவர் என்ன தப்புச் செய்தார், பாவம். அதே கணக்கை என் வீட்டுக்காரர் போடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான், அவ்வளவுதான்.

எங்களுக்கு மோகனூர். வீட்டுக்காரர் லாரி வைத்திருந்தவர். ஆள் போட்டு ஓட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஓனர் இல்லை. தானே ஸ்டியரிங் பிடித்து வடக்கே போனால் இருபது இருபத்தைந்து நாள் கழித்துத் தாடியோடு வந்து இறங்குவார். நான் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் ஆகி முப்பது வருடத்தில் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்த நாட்களை எண்ணினால் பத்து வருடம்கூடத் தேறாது. ரிட்டயர் ஆன பிறகு ஒன்றாக இருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். இருந்தோம். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், சேலம் அஸ்தம்பட்டியில் டயாலிசிஸ் மிஷினுக்குப் பக்கத்தில் நாலு நாலு மணி நேரம் ஒன்றாக இருந்தோம்.

மோகனூரிலிருந்து அஸ்தம்பட்டிக்குப் போக வர நூற்றைம்பது கிலோமீட்டர். நாமக்கல்லிலேயே செய்துகொள்ளக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்காமல் இருப்போமா? இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்று போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டயாலிசிஸில் இடம் காலியாவது என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்து சேரும்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு அந்த போனை நான் எதிர்பார்க்கவே இல்லை. வராமல் இருந்தாலே போதும் என்றுகூட நினைத்தேன்.

ஆக, கார். கையில் ஊசி குத்தி எடுத்த பிறகு அவரால் ஓட்ட முடியாது. பஸ்ஸில் உட்காரவும் முடியாது. ஐம்பத்தொன்பதாவது வயதில் நான் லைசென்ஸ் எடுத்தேன். முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டியவளைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் அதட்டினார். "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று உயிரை வாங்குவார். ஒரு நாள் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, இறங்கி நடந்து போகிறேன், நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சாவியை அவர் மடியில் போட்டேன். பின்னால் வந்த முட்டை லாரிக்காரன் ஹாரனை அழுத்தியே எங்களைச் சமாதானம் செய்துவைத்தான்.

அது எங்களுடைய பழைய டீசல் கார். பதினைந்து வருடம் முடிகிற தறுவாயில் இருந்தது. பேப்பரைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தாலும் ஏ.சி. வேலை செய்யாது. சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வரும்போது, ராசிபுரம் பிரிவுக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. மெக்கானிக் வருவதற்கு ஒன்றரை மணி நேரம். நிழல் என்று சொல்ல ஒரு போர்டு கம்பம்தான் இருந்தது. டயாலிசிஸில் நீரை எடுத்துவிட்ட உடம்பு. அதற்காகத் தாகம் என்று கேட்டால் இஷ்டத்துக்குத் தண்ணீரும் கொடுக்க முடியாது. என் முந்தானையை நனைத்து அவர் நெற்றியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புது வண்டி வாங்குவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். என்ன வண்டி என்பதை மட்டும் அவரிடம் விட்டேன். அதுதான் வினை.

அவர் ஹைப்ரிட் என்றார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும், ஆனால் சார்ஜ் போட வேண்டாம் என்று மிஷின் பக்கத்தில் படுத்தபடி போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்குப் பாடம் எடுத்தார். முழு பேட்டரி வண்டி வேண்டாம், வழியில் எங்கே சார்ஜ் தீருமோ என்ற பயத்தோடு இந்த உடம்பை வைத்துக்கொண்டு போக முடியாது என்றார். அது நியாயம். ஹைப்ரிட்டில் அவரை மயக்கியது இன்னொன்று. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி தானே பேட்டரியில் ஏற்றிக்கொள்கிறதாம். அதைக் கேட்டு இரண்டு நாள் அவருக்குத் தூக்கம் இல்லை. "ஏம்புள்ள, நான் எத்தன மல எறங்கியிருப்பேன், எவ்வளவு பிரேக் புடிச்சிருப்பேன், அத்தனையும் வெறும் சூடாப் போச்சே" என்றார். பணத்தைத் தொலைத்தவர் மாதிரி முகம் வாடிப் போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தில் ஏதோ ஒரு ஆசையைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்ததால் சந்தோஷமாகவும் இருந்தது.

பெங்களூரில் இருக்கிற மகனிடம் சொன்னேன். இப்போ எதுக்கும்மா புது வண்டி, வாரத்துக்கு ரெண்டு நாள்தானே, வாடகைக் கார் பேசிக்கலாம், எத்தனை நாளைக்குத்தான்... என்று சொல்லி வாயை மூடிக்கொண்டான். எத்தனை நாளைக்குத்தான் நீ ஓட்டுவாய் என்று சொல்ல வந்ததாகப் பிறகு சாதித்தான். நான் போனை வைத்துவிட்டேன். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் கெட்டவன் இல்லை. மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. எனக்கு அதுவே பொறுக்கவில்லை.

அந்த வாரமே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் மிஷினில் இருந்தார். டாக்டர் எக்கோ ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்து, ஹார்ட் பம்பிங் ரொம்பக் குறைந்துவிட்டது, மாற்றுக் கிட்னி என்ற பேச்சை இனி விட்டுவிடலாம், ஆபரேஷனை இந்த இதயம் தாங்காது என்றார். இப்படியே ஓட்டினால் எத்தனை வருடம் என்று கேட்டேன். டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. நான் விடவில்லை. டீச்சர் புத்தி. பதில் வருகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன். "ரெண்டு வருசம் நல்லபடியாப் போச்சுன்னா சந்தோசப்பட்டுக்கலாம்மா" என்றார். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆன் ரோடு விலை எவ்வளவு என்று விசாரித்தாயா என்று கேட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் சேலத்திலேயே ஷோரூமுக்குப் போனோம். விற்க வந்த பெண் ராசிபுரம் பக்கத்தவள். வாங்க வாங்க என்று பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டு, அவர் கையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்ததும் நாற்காலியை ஏ.சி.க்கு நேராக இழுத்துப் போட்டாள். ஓட்டிப் பாருங்கள் என்று என்னை உட்கார வைத்தாள். பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அழுத்தினேன். மறுபடியும் இல்லை. மூன்றாவது தடவை அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவையே ஸ்டார்ட் ஆகிவிட்டது, நீங்கள்தான் அணைத்து அணைத்துப் போடுகிறீர்கள் மேடம் என்றாள். பின் சீட்டில் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஊசி போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு அப்படிச் சிரித்தார். ஏற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். வண்டி பூனை மாதிரி போனது. என்ஜின் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லுகிற மனுஷன், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்க ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் வழக்கமாகக் கேட்கிற இரண்டு கேள்வியைக் கேட்டாள். மாதம் எவ்வளவு ஓடும்? எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?

முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். ஆயிரத்து முந்நூறு. இரண்டாவது கேள்விக்கு மேஜை மேல் கிடந்த விலைப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசினார். சாதாரண பெட்ரோல் வண்டிக்கும் இதற்கும் விலையில் மூன்று லட்சத்துச் சொச்சம் வித்தியாசம். இது லிட்டருக்கு இவ்வளவு கொடுக்கும், அது இவ்வளவு கொடுக்கும். லாரிக்காரருக்குக் காகிதம் எதற்கு, பேனா எதற்கு. கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறந்தார்.

"ஏழு வருசம் ஓட்டுனா கூடப் போட்டது வந்துரும். எட்டாவது வருசத்துல இருந்து லாபந்தான்" என்றார்.

சரியாச் சொல்றீங்க சார், பேட்டரிக்கே எட்டு வருசம் வாரண்டி இருக்குங்க என்று அந்தப் பெண் குளிரக் குளிரச் சொன்னாள். எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போல் இருந்தது. பேட்டரிக்கு எட்டு வருடம் எழுத்தில் கொடுக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருடத்துக்கே யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தேன். அவர் அந்தப் பளபளப்புப் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

யோசிப்பது என்றால் எங்கள் வீட்டில் பூக் கேட்பது. எங்கள் குலதெய்வம் பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மன். லாரி வாங்கினாலும் சரி, நிலம் வாங்கினாலும் சரி, பொண்ணு பார்த்தாலும் சரி, அம்மனிடம் பூக் கேட்காமல் யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். பூசாரி ஓர் இலையில் வெள்ளைப் பூவும் இன்னோர் இலையில் சிவப்புப் பூவும் வைத்து ஒரே மாதிரி மடித்து, குலுக்கி, அம்மன் காலடியில் போடுவார். கேட்கிறவர் மனசுக்குள் கேள்வியை வைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான். மறுபடி கேட்பது அம்மனைச் சந்தேகப்படுவது. ஒரு லாரிக்குச் சிவப்பு வந்ததென்று, பேசி முடித்த வண்டியை அவர் வேண்டாம் என்று விட்டது எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வருகிற வழியில், மல்லூரில் ரோட்டை விட்டுப் பிரிந்து கோயிலுக்குப் போனோம். இத்தனை வருடமும் அவர்தான் கேட்பார். அன்றைக்குப் பிரஷர் இறங்கிப்போய் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. காரிலேயே இருக்கிறேன், நீ போய்க் கேட்டுவிட்டு வா என்றார். "ஹைப்ரிட்டு வாங்கலாமான்னு மட்டும் கேளு. வேற எதையும் நெனைக்காத" என்று சொல்லியும் அனுப்பினார். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன்.

வேறு எதையும் நினைக்கக் கூடாது என்றுதான் நானும் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், கற்பூரம் காட்டுகிற வரைக்கும் ஹைப்ரிட், ஹைப்ரிட் என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டுதான் நின்றேன். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் போட்டு, எடுங்க சாமி என்றார். குனிந்தேன். குனிந்தபோது அந்த ஏழு வருடம் நினைவுக்கு வந்தது. ஏழு வேண்டாம் தாயே, அஞ்சு கொடுப்பாயா, இன்னும் அஞ்சு வருடம் அவர் எனக்கு இருப்பாரா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. கை ஒரு பொட்டலத்தின் மேல் இருந்தது. அதை விட்டு அடுத்ததை எடுக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். அதுவும் கூடாது. எடுத்தது எடுத்ததுதான்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி.

கேள்வி மாறிப்போச்சு, இன்னொரு தடவை போடுங்கள் என்று நான் பூசாரியிடம் கெஞ்சினேன். இந்த வயதில், இத்தனை படித்துவிட்டு, ஒரு அரளிப் பூவைப் பார்த்துக் கெஞ்சினேன். அவர் விபூதித் தட்டை நீட்டினார். அடுத்த அமாவாசைக்கு வாங்க சாமி என்று தன்மையாகத்தான் சொன்னார். வெளியே வந்து செருப்பை மாட்டத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். இது வெறும் பூ, பாதிக்குப் பாதி வாய்ப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே நடத்திய பாடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் ஏறவில்லை. டாக்டர் சொன்னதை நான் பாதிதான் நம்பியிருந்தேன். மீதியை அந்தப் பூ நம்பவைத்துவிட்டது.

கார் கதவு நான் திறந்து வைத்தபடியே இருந்தது. அவர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்து, என்ன வந்தது என்றார்.

வெள்ளை என்று சொன்னேன். சிவப்பு என்றால், அவர் ஆசைப்பட்ட ஒரே பொருளையும் நான் பிடுங்கியது போல ஆகிவிடும். அந்தப் பூ காருக்கு வந்த பூ இல்லையே. விபூதியை அவர் நெற்றியில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுற்றிக்கொண்டு போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

மல்லூர் வந்து மெயின் ரோட்டில் ஏறுகிற வரைக்கும் அவர் கண்ணாடியைப் பார் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். விழித்துத்தான் இருந்தார். ராசிபுரம் பிரிவு தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

"சரி, புக் பண்ணிரு. உம்பேர்ல பண்ணு."

இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் எந்த வண்டியும் என் பேரில் இருந்ததில்லை. மொபெட்கூட அவர் பேரில்தான். என் பேர் எதற்கு, உங்கள் பேரிலேயே இருக்கட்டும் என்றேன்.

"எங்கண்ணன் செத்தப்ப வண்டியப் பேர் மாத்தறதுக்கு நான் எவ்வளவு அலைஞ்சேன்னு உனக்குத் தெரியாது" என்றார். "வாரிசு சர்ட்டிபிகேட்டு, ஆர்.டி.ஓ. ஆபீசு, ஒண்ணு மாத்தி ஒண்ணு. நீ தனியா அலைய முடியாது. மொதல்லயே உம்பேர்ல இருந்தா ஒரு தொல்லையும் இல்ல பாரு."

எனக்கு ரோடு தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போனேன். டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன். டாக்டர் எதற்குச் சொல்ல வேண்டும், என் உடம்பு எனக்குத் தெரியாதா என்றார். அப்புறம் எதற்கு ஏழு வருடம் எட்டு வருடம் என்று ஊரார் முன்னால் கணக்குப் போட்டீர்கள் என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். அந்த மனுஷனிடம், அந்த உடம்போடு இருக்கிறவரிடம் கத்தினேன்.

"அது எனக்குப் போட்ட கணக்கா? உனக்குப் போட்டது. நீ ஏழு வருசம் ஓட்டுவீல்ல" என்றார்.

இதைச் சொல்லிவிட்டு ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் போல ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டார். எனக்காக யோசித்து வைத்திருந்தார். விலையைப் பார்த்து, மைலேஜைப் பார்த்து, பேப்பர் யார் பேரில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் பார்த்து வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் வண்டிக் கணக்குப் போட்டவர் ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. மாதம் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓடினால்தான் அந்த ஏழு வருடம். அந்த ஆயிரத்து முந்நூறும் அவரை அஸ்தம்பட்டிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருகிற தூரம். அவர் இல்லாமல் நான் எங்கே ஓட்டிக்கொண்டு போவேன்?

அதை அவரிடம் சொல்லவில்லை. சரிங்க, என் பேரிலேயே பண்ணிடறேன் என்றேன்.